1787 பிலடெல்ஃபியா மாநாட்டை வகுப்பறையில் நடத்துவது எப்படி

அமெரிக்க அரசியலமைப்பைப் பாடமாக எடுக்கும்போது பெரும்பாலும் என்ன செய்கிறோம்? ஏழு பிரிவுகளையும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். அதிகாரப் பிரிவினை, கூட்டாட்சி, நீதிப் புனராய்வு என்று மூன்று தலைப்புகளில் குறிப்பு கொடுக்கிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் விக் வைத்த பெரியவர்கள் சிலர் கூடி, ஆழ்ந்து யோசித்து, ஒரே மனதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்ற படம் மாணவர் மனதில் நின்றுவிடும். உண்மையில் 1787-இல் பிலடெல்ஃபியாவில் அதை எழுதக் கூடிய மாநாட்டில் ஏறத்தாழ நான்கு மாதம் நடந்தது பேரம். ஒருவர் தாமதமாக வந்ததில் ஒரு முக்கியமான வாக்கெடுப்பு சமனில் முடிந்தது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனதில் நியூயார்க் மாநிலத்துக்கு வாக்கே இல்லாமல் போனது. இதை வாயால் சொன்னால் பாதிதான் ஏறும். உட்கார வைத்து வாக்குப் போடச் சொன்னால் முழுசாக ஏறும்.

நான் அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். இந்த மாதிரி மாநாட்டை இரண்டாம் ஆண்டு இளங்கலை மாணவர்களோடு பல செமஸ்டர்களில் நடத்தியிருக்கிறேன். பள்ளியில் பதினோராம் வகுப்புக்கும் இது சரிப்படும். செலவு செராக்ஸ் காசு மட்டும்தான். ஏழெட்டு பீரியட் ஒதுக்க முடிந்தால் நிதானமாகச் செய்யலாம், ஐந்துதான் கிடைக்கும் என்றால் எதை வெட்டலாம் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பணமில்லாத காங்கிரஸ்

நேராக மாநாட்டுக்குள் போய்விடாதீர்கள். எதற்காகக் கூடினார்கள் என்ற எரிச்சல் மாணவர்களுக்கு வர வேண்டும். அதற்கு ஒரு பீரியட் தேவை.

வகுப்பைப் பதின்மூன்று மாநிலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்துத் துண்டுச் சீட்டு கொடுங்கள். அதுதான் பணம். ஒரு மாணவரை நடுவில் உட்கார வைத்து, "நீதான் காங்கிரஸ், அதாவது மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடும் பேரவை, பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரின் கடனை அடைக்க ஐம்பது சீட்டு வேண்டும், கேட்டு வாங்கு" என்று சொல்லுங்கள். கேட்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. 1781 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருந்த கூட்டமைப்புச் சட்டவிதிகள், அதாவது அந்த நாட்டின் முதல் அரசியலமைப்பு, காங்கிரசுக்குக் கொடுத்திருந்த நிதி அதிகாரம் அவ்வளவுதான். மெயின்டனன்ஸ் கேட்கலாம், வசூலிக்க முடியாது என்றிருக்கும் அபார்ட்மென்ட் சங்கம் போல. எங்கள் வகுப்பில் கேட்டதில் பாதி சேர்ந்தாலே பெரிது.

அடுத்து, இறக்குமதிப் பொருள்களுக்கு ஐந்து சதவீத வரி போடும் அதிகாரத்தைக் காங்கிரசுக்குத் தருவதாக ஒரு திருத்தம் கொண்டு வாருங்கள். சட்டவிதிகளைத் திருத்தப் பதின்மூன்று மாநிலங்களும் ஒப்ப வேண்டும். ரோட் ஐலண்டாக இருக்கும் மாணவியிடம் மட்டும் முன்கூட்டியே ரகசியமாகச் சொல்லி வையுங்கள்: என்ன ஆனாலும் மறு. 1782-இல் அந்தச் சின்ன மாநிலம் அதைத்தான் செய்தது. மறு வருடம் வேறு வடிவில் கொண்டுவந்தபோது கடைசியில் முட்டுக்கட்டை போட்டது நியூயார்க். வகுப்பில் சத்தம் கிளம்பும். கிளம்பட்டும்.

அந்தச் சூட்டோடு இரண்டு சம்பவங்களைச் சொல்லிவிடுங்கள். 1783 ஜூனில் சம்பளப் பாக்கி கேட்டுப் படைவீரர்கள் பிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா அரசு மாளிகையைச் சூழ்ந்துகொண்டார்கள். காங்கிரஸ் உறுப்பினர்கள் நியூஜெர்சியிலுள்ள பிரின்ஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நான்கு வருடம் கழித்து அரசியலமைப்பு எழுதப்பட்டதும் அதே கட்டடத்தில்தான். இரண்டாவது, மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதி. கடனில் மூழ்கிய விவசாயிகள், அவர்களில் பலர் போரில் சண்டை போட்டவர்கள், நீதிமன்றங்களைக் கூடவிடாமல் தடுத்தார்கள். டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் கேப்டன் தலைவர்களில் ஒருவர். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கு வரை வந்துவிட்டார்கள். அடக்குவதற்குக் காங்கிரசிடம் படை இல்லை. பாஸ்டன் பணக்காரர்கள் பணம் போட்டு மாநிலம் ஒரு படை திரட்டியது. சொத்துள்ளவர்களுக்கு அந்தக் குளிர்காலத்தில் வந்த பயம், மே மாதத்தில் பிலடெல்ஃபியாவுக்குப் பெட்டி கட்டியவர்களில் பலரிடம் இருந்தது. விவசாயிகளின் கோபமும் நியாயமானதுதான் என்று ஒரு மாணவராவது சொல்வார். சொல்லவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

ஆட்களைப் பிரிப்பது

மாநாட்டுக்கு வந்தவர்கள் மொத்தம் 55 பேர். ஆனால் எந்த நாளிலும் எல்லோரும் இருந்ததில்லை, அன்றாடம் முப்பது நாற்பது பேர்தான். ஆகவே ஏறத்தாழ நாற்பது பேர் கொண்ட வகுப்பு கச்சிதமாகப் பொருந்தும். என் கணக்கு: பென்சில்வேனியா, வர்ஜீனியாவுக்கு ஆளுக்கு ஆறு, மாசசூசெட்ஸுக்கு நான்கு, டெலவேர், நியூஜெர்சி, கனெக்டிகட், நியூயார்க், வட கரோலினா, தென் கரோலினாவுக்கு மூன்று மூன்று, மேரிலாந்து, ஜார்ஜியா, நியூஹாம்ப்ஷயருக்கு இரண்டு இரண்டு. ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை, அதனால் முன்பு மறுத்த மாணவியை வராந்தாவுக்கு அனுப்பிவிடுங்கள். கோபித்துக்கொள்வாள். கடைசிப் பீரியடில் அவளுக்குப் பெரிய வேலை இருக்கிறது என்று சொல்லிச் சமாளியுங்கள்.

நியூஹாம்ப்ஷயர் ஜோடியையும் உள்ளே விடாதீர்கள். வழிச்செலவுக்கு அந்த மாநிலத்தில் பணமில்லை. ஜான் லாங்டன் தன் கைக்காசைப் போட்டுத் தானும் வந்து நிக்கோலஸ் கில்மனையும் அழைத்து வந்தார். சேர்ந்தபோது ஜூலை 23. பெரிய சண்டை அதற்குள் முடிந்திருந்தது. அதுவரை இந்த இருவரும் வாசல் காவல்.

ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் மூன்றே விஷயம்: நீ யார், உன் மாநிலம் உன்னிடம் என்ன சொல்லி அனுப்பியது, எதை விட்டுக்கொடுக்கலாம். வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுக்காதீர்கள், அட்டையைப் படிப்பதிலேயே மணி அடித்துவிடும். டெலவேர் அட்டையில் "மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்பதை மாற்ற உனக்கு அதிகாரம் இல்லை" என்று கொட்டை எழுத்தில் இருக்கட்டும். அந்த மாநிலம் உண்மையிலேயே அப்படித்தான் எழுதி அனுப்பியது.

பாத்திரத் தேர்வில் சில இடங்களில் கவனம் வேண்டும். வாஷிங்டனுக்குப் பேச்சாளரைப் போடாதீர்கள். வகுப்பு மதிக்கிற, குறைவாகப் பேசுகிற ஒருவர் வேண்டும். அவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் முக்கியம். வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசனுக்கு வேகமாகக் குறிப்பெடுக்கும் மாணவி. அவள் முன்வரிசையில், தலைவரைப் பார்த்தபடி உட்கார வேண்டும். மேடிசன் நாள்தோறும் அப்படி உட்கார்ந்து எழுதியதால்தான் நமக்கு இவ்வளவு தெரிகிறது. அந்தக் குறிப்புகள் அச்சில் வந்தது அவர் இறந்த பிறகு, 1840-இல். 81 வயது ஃபிராங்க்ளினுக்கு நகைச்சுவை உள்ளவர். வகுப்பின் மிகச் சிறந்த பேச்சாளரை ஹாமில்டன் ஆக்குங்கள். ஏனென்றால் அவருக்கு வாக்குப் பலம் கிடையாது. நியூயார்க்கின் மற்ற இருவரும், யேட்ஸும் லான்சிங்கும், அவரை எப்போதும் தோற்கடிப்பார்கள். ஜூலை 10-இல் அவர்கள் கிளம்பிவிட்ட பிறகு தனி ஆளாக மாநிலத்தின் வாக்கைப் போட அவருக்கு அதிகாரமில்லை. நன்றாகப் பேசினால் ஜெயித்துவிடலாம் என்று நம்புகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

விதிகள்

ஜன்னலைச் சாத்துங்கள். அவர்களும் கோடைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் பேசினார்கள், நமக்காவது ஃபேன் இருக்கிறது. கைப்பேசிகள் மேசை மேல் ஒரு பெட்டியில். உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது, பக்கத்து வகுப்புத் தோழியிடம்கூட.

வாக்கு மாநிலத்துக்கு ஒன்று, தலைக்கு ஒன்றல்ல. மாநிலத்துக்குள் பெரும்பான்மை எதுவோ அதுவே அதன் வாக்கு. சரிபாதியாகப் பிரிந்தால் "பிளவு" என்று எழுதுங்கள், அது இரண்டு பக்கமும் சேராது.

இன்னொரு விதி இருக்கிறது. பலர் இதை விட்டுவிடுவார்கள், எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது. யார் எப்படி வாக்களித்தார் என்று தனி ஆள் பெயரைப் பதிவு செய்யக் கூடாது என்று மாசசூசெட்ஸின் ரூஃபஸ் கிங் ஆரம்பத்திலேயே கேட்டுக்கொண்டார். பதிந்துவிட்டால் பிறகு மனம் மாற வெட்கப்படுவார்கள் என்பது அவர் காரணம். முடிவானதையும் மறுபடி எடுத்துப் பேசலாம் என்று அனுமதி இருந்தது. வகுப்பிலும் இதை அப்படியே வையுங்கள். நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொன்னால் யாரும் கிண்டல் செய்யக் கூடாது. டிவி விவாதம் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிது.

சின்ன மாநிலம், பெரிய மாநிலம்

மே 14-இல் கூட வேண்டியவர்கள். போதுமான மாநிலங்கள் வந்து சேர்ந்தது மே 25. அந்த இடைவெளியில் வர்ஜீனியாக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, ஒரு திட்டத்தைத் தயார் செய்துவிட்டார்கள். மே 29-இல் எட்மண்ட் ராண்டால்ஃப் எழுந்து படித்தார்: இரண்டு அவைகள், இரண்டிலும் மக்கள்தொகை அல்லது செலுத்தும் வரிக்கு ஏற்ற இடங்கள், மாநிலச் சட்டங்களை ரத்து செய்யும் அதிகாரம். சட்டவிதிகளைத் திருத்துவதற்கென்று கூட்டிய கூட்டத்தில், அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் இது. உங்கள் ராண்டால்ஃப் படித்து முடித்ததும் "நமக்கு இதற்கு அதிகாரம் உண்டா?" என்று யாராவது கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் அந்த மாணவருக்கு உடனே ஒரு மார்க்.

ஜூன் 15-இல் நியூஜெர்சியின் வில்லியம் பேட்டர்சன் எதிர்த்திட்டம் கொண்டுவந்தார். ஒரே அவை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு, ஆனால் இறக்குமதி வரி போடும் அதிகாரம் காங்கிரசுக்கு. ஜூன் 19-இல் 7க்கு 3 என்று தோற்றது, மேரிலாந்து பிளவு. தோற்ற திட்டம் குப்பைக்குப் போனது என்று நினைக்க வேண்டாம். கூட்டாட்சிச் சட்டமே நாட்டின் உச்சச் சட்டம், மாநில நீதிபதிகளும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற விதி இந்தத் திட்டத்திலிருந்து வந்ததுதான். மாநிலச் சட்டங்களை ரத்து செய்யும் அதிகாரத்தை மாநாடு நிராகரித்த அன்றே, ஜூலை 17-இல், மேரிலாந்தின் லூதர் மார்ட்டின் அதை முன்மொழிந்தார். மத்திய அரசுக்கு அதிகாரம் கூடாது என்று மணிக்கணக்காக முழங்கியவர் அவர். அவர் கொண்டுவந்த வரிதான் பிற்காலத்தில் மத்திய அரசின் பெரிய ஆயுதமானது. இடையில் ஜூன் 18-இல் ஹாமில்டன் ஒரு நாள் முழுக்கப் பேசி, ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கும் ஆட்சித் தலைவரும் செனட்டர்களும் வேண்டும் என்றார். யாரும் ஆதரிக்கவில்லை. வகுப்பில் ஐந்து நிமிடம் கொடுங்கள், போதும்.

இப்போது ஜூலை 2. மேலவையில் எல்லா மாநிலத்துக்கும் சம வாக்கு வேண்டுமா என்று கேள்வி. வாக்கெடுப்புக்குச் சற்று முன்னால் மேரிலாந்தின் இரண்டு பேரில் ஜெனிஃபராக இருப்பவரை சாக்பீஸ் எடுத்து வர அனுப்புங்கள். உண்மையில் அவர் அன்று தாமதமாக வந்தார். உள்ளே இருந்த மார்ட்டின் தனியாக மேரிலாந்தின் வாக்கைச் சம வாக்குக்கு ஆதரவாகப் போட்டுவிட்டார். ஜார்ஜியாவின் ஏப்ரகாம் பால்ட்வின் தன் சக பிரதிநிதிக்கு எதிராக வாக்களித்து மாநிலத்தைப் பிளந்தார். 5க்கு 5, ஒன்று பிளவு. பெரிய மாநிலங்கள் ஜெயிக்க வேண்டிய நாள் சமனில் முடிந்தது. பிறகு மாநிலத்துக்கு ஒருவர் என்று ஒரு குழு போட்டார்கள், எல்பிரிட்ஜ் கெரி தலைமை.

நீங்களும் குழு போடுங்கள். இந்த இடத்தில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். கனெக்டிகட் அட்டையில், கீழவை மக்கள்தொகைப்படி, மேலவை சமமாக என்ற ரோஜர் ஷெர்மனின் யோசனை இருக்கிறது. அவர்கள் அதை எப்போது வெளியில் எடுக்கிறார்கள் என்று காத்திருங்கள். சில வகுப்புகளில் உடனே வரும், சிலவற்றில் மணி அடிக்கும்வரை வராது. சமரசமே வராமல் கலைந்தாலும் பரவாயில்லை. அடுத்த பீரியடில் ஜூலை 16 கணக்கைப் பலகையில் எழுதுங்கள்: கனெக்டிகட், நியூஜெர்சி, டெலவேர், மேரிலாந்து, வட கரோலினா ஆதரவு, பென்சில்வேனியா, வர்ஜீனியா, தென் கரோலினா, ஜார்ஜியா எதிர்ப்பு, மாசசூசெட்ஸ் 2க்கு 2 பிளவு. நியூயார்க் வீட்டுக்குப் போய்விட்டது. நியூஹாம்ப்ஷயர் வந்து சேரவில்லை. 5க்கு 4. இன்றைக்கும் அமெரிக்க செனட்டில் மாநிலத்துக்கு இருவர் என்றிருப்பது இந்த ஒரு வாக்கு வித்தியாசத்தில். நம் மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18, உத்தரப் பிரதேசத்துக்கு 31 என்றிருப்பதையும் இதையும் ஒப்பிட்டு யாராவது கேட்பார்கள். கேட்டால் அன்றைக்கு மீதி பாடம் நடக்காது. நடக்காமல் போகட்டும்.

இதை நடிக்க விடாதீர்கள்

அடிமை முறை பற்றிய விவாதத்தை நான் நடிப்பாக நடத்துவதில்லை. மனிதரைச் சொத்து என்று வாதாடும் வசனத்தை ஒரு மாணவர் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நம் வகுப்பறைகளில் யாருடைய தாத்தா யாரிடம் பண்ணையாளாக இருந்தார் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போவதும் கூடாது. நான் கணக்காகச் செய்வேன்.

1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவின் மக்கள்தொகை 7,47,610. அதில் அடிமைகள் 2,92,627. பென்சில்வேனியா 4,34,373, அதில் அடிமைகள் 3,737. முப்பதாயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர் என்று வைத்து மூன்று விதமாகக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அடிமைகளைச் சேர்க்காவிட்டால் வர்ஜீனியாவுக்கு 15, பென்சில்வேனியாவுக்கு 14. ஐந்தில் மூன்று பங்கு சேர்த்தால் வர்ஜீனியா 21. முழுதாகச் சேர்த்தால் 24. பென்சில்வேனியா மூன்று கணக்கிலும் 14தான். இந்தக் கணக்கைப் போட்டு முடிக்கும்வரை, "அடிமையை முக்கால் மனிதனாகக்கூட மதிக்கவில்லையே மேடம்" என்பார்கள். முடித்த பிறகு கேள்வி மாறும்: வாக்கே இல்லாத மனிதர்களின் தலையை எண்ணி அவர்களை அடைத்து வைத்தவருக்கு ஆறு இடம் கூடுதலா? வடக்கு எண்ணாதே என்றது, தெற்கு முழுதாக எண்ணு என்றது. இதைத் தெரிந்துகொண்டால்தான் ஐந்தில் மூன்றின் உள்ளே என்ன இருந்தது என்று விளங்கும். அந்த விகிதம் மாநாட்டில் பிறந்ததும் அல்ல. 1783-இல் மாநிலங்களின் வரிப் பங்கைக் கணக்கிடக் காங்கிரஸ் முன்வைத்த யோசனை அது.

பிறகு ஆகஸ்ட் 25-இன் வாக்கெடுப்பைக் காட்டுங்கள். அடிமை வணிகத்தைத் தடை செய்யாமல் 1800 வரை விட்டு வைக்கலாம் என்றிருந்ததை 1808 ஆக்கியவர்கள் யார்? வடக்கின் நியூஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், கனெக்டிகட் மூன்றும் மேரிலாந்து, இரண்டு கரோலினாக்கள், ஜார்ஜியாவோடு சேர்ந்துகொண்டன. எதிர்த்தவை நியூஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர், அப்புறம் வர்ஜீனியா. கப்பல் வணிகச் சட்டங்களைச் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்ற வேண்டும் என்பது நியூ இங்கிலாந்தின், அதாவது அந்த மூன்று வட மாநிலங்களின் தேவை, அது அவர்களுக்குக் கிடைத்தது. வர்ஜீனியாவில் ஏற்கெனவே அடிமைகள் நிறைய, வெளியிலிருந்து புதிதாக வருவதை நிறுத்தினால் அவர்களுக்கு நஷ்டமில்லை. வடக்கு நல்லவர், தெற்கு கெட்டவர் என்ற எளிய கதை இங்கே நொறுங்கும்.

அரசியலமைப்பின் மூலப் பிரதியைச் செராக்ஸ் எடுத்துக் கொடுத்து, அதில் 'அடிமை' என்று எழுதியிருக்கும் இடத்தைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காது. "மற்ற எல்லா நபர்களும்" என்றும், "வேலைக்குக் கட்டுப்பட்ட நபர்" என்றும் சுற்றிவளைத்து எழுதியிருப்பார்கள். தப்பி ஓடியவரைப் பிடித்துத் திருப்பித் தர வேண்டும் என்ற விதியும் அந்த மறைப்புக்குள்தான்.

குடியரசுத் தலைவர்

இது வேடிக்கையான பகுதி. ஜூன் 1-இல் ஜேம்ஸ் வில்சன் ஆட்சித் தலைவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்றார். சபையில் நீண்ட அமைதி என்று மேடிசன் எழுதியிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் வாஷிங்டன்தான் அந்த ஆள் என்று எல்லோருக்கும் தெரியும், அவரை வைத்துக்கொண்டு என்ன பேசுவது? ஃபிராங்க்ளின்தான் பேசச் சொல்லித் தூண்டினார். ஜூன் 4-இல் 7க்கு 3 என்று ஒருவரே என முடிவானது. யார் தேர்ந்தெடுப்பது என்பதுதான் முடியவே இல்லை. காங்கிரஸ் என்றார்கள், அதற்கென்றே மாநிலங்களில் நியமிக்கப்படும் தேர்வாளர்கள் என்று மாற்றினார்கள், மறுபடி காங்கிரஸ் என்றார்கள். உங்கள் வகுப்பும் இப்படித்தான் சுற்றும். இரண்டு சுற்றுக்கு மேல் போனால், ஆகஸ்ட் கடைசியில் அவர்கள் செய்தது போல மிச்சமான விஷயங்களுக்கென்று ஒரு சின்னக் குழுவிடம் தள்ளிவிடுங்கள். தேர்வாளர் குழு என்ற ஏற்பாடு அப்படிப் பிறந்ததுதான். களைத்துப்போனவர்கள் செய்த ஏற்பாடு என்று நான் வகுப்பில் வெளிப்படையாகவே சொல்வேன். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் கீழவையான பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும், அப்போது மட்டும் மாநிலத்துக்கு ஒரு வாக்கு. சின்ன மாநிலங்கள் அங்கேயும் ஒரு பிடி எடுத்துக்கொண்டன.

கையெழுத்து

கடைசிப் பிரதியைச் செதுக்கியவர் கவர்னர் மாரிஸ். கவர்னர் என்பது பதவி அல்ல, அவர் பெயரே அதுதான், பிள்ளைகள் குழம்புவார்கள். முந்தைய வரைவு "நியூஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ்…" என்று ஒவ்வொரு மாநிலத்து மக்களாகப் பெயர் சொல்லித் தொடங்கியது. அவர் கையில் அது "ஐக்கிய மாநிலங்களின் மக்களாகிய நாம்" ஆனது. எந்தெந்த மாநிலம் ஏற்கும் என்று தெரியாதபோது பெயர்ப் பட்டியல் போடுவதும் சிக்கல்தானே.

செப்டம்பர் 12-இல் ஜார்ஜ் மேசன் உரிமைகளின் பட்டியல் ஒன்றைச் சேர்க்கலாம், சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்றார். ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. எல்லோருக்கும் வீட்டுக்குப் போக அவசரம். இந்த வாக்கெடுப்பை வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வைத்தால் மாணவர்களும் அதையேதான் செய்வார்கள். நான் வேண்டுமென்றே அப்படித்தான் வைப்பேன்.

செப்டம்பர் 17. நாற்பதாயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர் என்றிருந்ததை முப்பதாயிரமாக்கலாம் என்று கடைசி நேரத்தில் ஒருவர் சொல்ல, அதை ஆதரித்து வாஷிங்டன் பேசினார். மாநாடு முழுக்க ஒரு விவகாரத்தில் அவர் கருத்துச் சொன்னதாகப் பதிவானது அது ஒன்றுதான். உடனே ஏகமனதாக நிறைவேறியது. உங்கள் வாஷிங்டனை அதுவரை வாயடைத்து வைத்திருந்தால் இந்த இடம் நன்றாக எடுபடும். பிறகு கையெழுத்து. 39 பெயர்கள், அதில் உடல்நலமில்லாமல் ஊருக்குப் போய்விட்ட ஜான் டிக்கின்சன் பெயரை ஜார்ஜ் ரீட் போட்டார். மேசன், கெரி, ராண்டால்ஃப் மூவரும் மறுத்தார்கள். வர்ஜீனியா திட்டத்தைப் படித்தவரே கையெழுத்திடவில்லை.

வெளியே நின்றவர்கள் முறை

ஒன்பது மாநிலம் ஏற்றால் போதும் என்று எழுதிக்கொண்டார்கள். பதின்மூன்றும் வேண்டும் என்ற பழைய விதியைத் தாண்டிவிட்டார்கள். இந்தப் பகுதிக்கு இரண்டு பீரியட் இருந்தால் நல்லது. பக்கத்து வகுப்பை அழைத்து மாநில மாநாடுகளாக உட்கார வையுங்கள். ரகசியம் காத்தவர்கள் இப்போது பொதுவில் பதில் சொல்ல வேண்டும்.

டெலவேர் 1787 டிசம்பர் 7-இல் முதலாவதாக, ஒருமனதாக ஏற்றது. செனட்டில் சம வாக்குக் கிடைத்த பிறகு அதற்கு வேறென்ன வேண்டும்? மாசசூசெட்ஸில் 187க்கு 168. ஏற்றுக்கொண்டு, கூடவே திருத்தங்களைப் பரிந்துரைப்பது என்ற வழியை அங்கேதான் கண்டுபிடித்தார்கள், பிறகு வந்த பல மாநிலங்கள் அதையே பிடித்துக்கொண்டன. ஒன்பதாவது நியூஹாம்ப்ஷயர், 1788 ஜூன் 21. ஆனால் வர்ஜீனியாவும் நியூயார்க்கும் இல்லாமல் நாடு ஏது? வர்ஜீனியாவில் பேட்ரிக் ஹென்றி ஒரு பக்கம், மேடிசன் மறுபக்கம், 89க்கு 79. நியூயார்க்கில் 30க்கு 27. உரிமைகள் பட்டியல் எங்கே என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை அவசரத்தில் வேண்டாம் என்று கை தூக்கிய உங்கள் பிரதிநிதிகள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

ரோட் ஐலண்ட் மாணவியை இப்போது உள்ளே கூப்பிடுங்கள். புதிய அரசு ஓடத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 1790 மே 29-இல், 34க்கு 32 என்று அந்த மாநிலம் சேர்ந்தது. அவள் என்னென்ன நிபந்தனை வேண்டுமானாலும் கேட்கலாம். வெளிநாட்டுச் சரக்கைப் போல உங்கள் பொருளுக்கும் வரி போடுவோம் என்று மற்றவர்கள் மிரட்டலாம். காங்கிரசில் அப்படித்தான் பேச்சு நடந்தது.

அரசு அமைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1789 மார்ச் 4-இல் நியூயார்க்கில் கூட வேண்டிய காங்கிரசுக்கு ஏப்ரல் வரை கோரம் சேரவில்லை. ஏப்ரல் 30-இல் வாஷிங்டன் பதவியேற்றார். அந்த வருடமே வெளியுறவு, போர், கருவூலம் என்று மூன்று துறைகளும், ஆறு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றமும் சட்டமாயின. ஜூன் 8-இல் மேடிசன், எல்லோரும் கேட்ட உரிமைகள் பட்டியலைத் திருத்தங்களாகக் கொண்டுவந்தார். காங்கிரஸ் அனுப்பிய பன்னிரண்டில் பத்து 1791 டிசம்பர் 15-இல் நிறைவேறின. விட்டுப்போன இரண்டில் ஒன்று, உறுப்பினர் சம்பளம் பற்றியது, 1992-இல் இருபத்தேழாவது திருத்தமாக உயிர் பெற்றது. இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிரும்.

ஐந்து பீரியட்தான் என்றால் குடியரசுத் தலைவர் பகுதியையும் ஹாமில்டன் பேச்சையும் வெட்டுங்கள். முதல் பீரியடின் சீட்டு விளையாட்டையும் அடிமை முறைக் கணக்கையும் வெட்டாதீர்கள்.

இன்டர்னல் மார்க் போடுவதற்கு நான் பேச்சைக் கணக்கில் எடுப்பதில்லை, எடுத்தால் நான்கு பேர் மட்டும் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொருவரும் தன் மாநிலத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும்: அட்டையில் இருந்ததற்கு மாறாக எந்த வாக்கைப் போட்டேன், பதிலுக்கு என்ன வாங்கினேன். எதையும் மாற்றவில்லை என்பவர் அதற்கான விலை என்ன ஆனது என்று எழுதலாம். மேடிசனாக இருந்தவள் கடிதம் எழுத வேண்டாம், குறிப்பேட்டைக் கொடுத்தால் போதும். அதைச் செராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஒரு பீரியட் சண்டை நடக்கும். அதற்கும் நேரம் ஒதுக்கி வையுங்கள்.